நாலு நாள் ஊரடங்கும் 12 கிலோ தக்காளியும்

2024 அக்டோபர் 15. மறுநாள் சென்னைக்கு ரெட் அலர்ட் என்று அறிவித்துவிட்டார்கள். கார் வைத்திருந்தவர்கள் வண்டியைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கார் இல்லாத எங்கள் ஹாஸ்டல் ஜனம் என்ன செய்யும்? மொத்தமாகக் கிளம்பி அண்ணாச்சி கடைக்கு ஓடியது.

என் ரூம்மேட் அரை மணி நேரத்தில் வெற்றி வீரனாகத் திரும்பி வந்தான். இரண்டு கையிலும் பை. 9 பாக்கெட் பிரெட், 14 பாக்கெட் நூடுல்ஸ், ஒரு பெரிய ஜாம் பாட்டில்.

"எத்தனை நாளுக்குடா இது?"

"தெரியல மச்சி. எல்லாரும் வாங்குனாங்க, நானும் வாங்கிட்டேன்."

எங்கள் ரூமில் அடுப்பு கிடையாது. இருப்பது ஒரே ஒரு கரண்ட் கெட்டில். மழையில் கரண்ட் போனால் 14 நூடுல்ஸையும் எதில் வேகவைப்பாய் என்று கேட்டேன். ஙே என்று விழித்தான். கடைசியில் 16-ஆம் தேதி பயந்த அளவுக்கு மழை வரவில்லை. 17-ஆம் தேதி அதிகாலை அந்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போயே போய்விட்டது. பிரெட் மட்டும் போகவில்லை :-)

சிரித்தேன். ஆனால் ரொம்பச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் இவனுக்கெல்லாம் அண்ணன் நான். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் கொசுவத்தியைச் சுத்த விடுங்கள்.

மதுரை. 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. நான் அப்போது பத்தாவது. மார்ச் 27-இல் தொடங்கவேண்டிய பரீட்சை தள்ளிப்போய், புத்தகத்தைத் திறக்கவும் மனசில்லாமல் மூடவும் தைரியமில்லாமல் இருந்த காலம். (ஜூன் 9-ஆம் தேதி பரீட்சையையே ரத்து செய்து எல்லோரையும் பாஸ் போட்டார்கள். ஆமாம், அந்த 'ஆல் பாஸ்' செட்டுதான் நாங்கள். கிண்டல் செய்ய நினைப்பவர்கள் வரிசையில் வரவும்.) ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் மளிகை, காய்கறி கடைகள் மட்டும் மதியம் 1 மணி வரை திறக்கும். அதற்குப் பழகியும் விட்டோம்.

அன்றைக்குத்தான் அந்த அறிவிப்பு. ஏப்ரல் 26 ஞாயிறு காலை 6 மணி முதல் 29 புதன் இரவு 9 மணி வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு. சேலம், திருப்பூரில் 28 வரை. மளிகைக் கடையும் கிடையாது. இடையில் இருப்பது சனிக்கிழமை ஒரே ஒரு நாள்.

கவனியுங்கள், மொத்தம் நாலே நாள். அந்த அறிவிப்பிலேயே மருந்துக்கடை உண்டு, அம்மா உணவகம் உண்டு, நடமாடும் காய்கறி வண்டிகளுக்கு அனுமதி உண்டு என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். யார் காதில் விழுந்தது? 'முழு' என்ற ஒரு வார்த்தைதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடை மார்ச்சிலேயே மூடியாச்சு. அப்பாவுக்கு சர்க்கரை வேறு, அதனால் கூட்டத்துக்குள் அனுப்ப அம்மாவுக்குப் பயம். ஆகவே வரலாற்றில் முதல்முறையாக வீட்டுச் சாமான் வாங்கும் பொறுப்பு தனி ஆளாக என்னிடம் வந்தது. கையில் 1500 ரூபாய். அந்த மாதக் கடைசி வரைக்கும் வீட்டில் இருந்த காசில் முக்கால்வாசி அது. அம்மா காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்: தக்காளி 2 கிலோ, பெரிய வெங்காயம் 2, உருளை 1, சீனி அவரைக்காய் அரை, பச்சை மிளகாய் 100 கிராம், மல்லி 1 கட்டு, தேங்காய் 2, ரவை 1 கிலோ, புளி கால் கிலோ, கல் உப்பு 1 பாக்கெட். (சீனி அவரை என்றால் வடக்கே கொத்தவரங்காய் என்பார்களே, அதுதான்.)

சனிக்கிழமை வெள்ளனவே சைக்கிளில் கிளம்பினேன். செல்லூர் ரோடு அப்படி ஒரு கூட்டத்தைச் சித்திரைத் திருவிழாவில்தான் பார்த்திருக்கும். அந்த வருடம் அழகர் ஆற்றில் இறங்கவில்லை; அதற்குப் பதிலாக ஜனம் முழுக்க மார்க்கெட்டில் இறங்கிவிட்டது போல இருந்தது. ஒரு மாதமாக சோப்பு போட்டுக் கை கழுவி, தள்ளித் தள்ளி நின்று, மூக்கை மூடிக்கொண்டு திரிந்த அத்தனை பேரும் அன்றைக்கு ஒருவர் தோளில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம். கூட்டத்தைப் பார்த்து அன்று 1 மணிக்கு மூடவேண்டிய கடைகளை 3 மணி வரை நீட்டித்தார்கள்.

வரிசையில் நிற்கும்போது நடக்கிற விஷயம் ஒன்று உண்டு. முன்னால் நிற்பவர் 3 கிலோ கேட்டால் நம் மனசில் இருந்த 2 கிலோ தானாக 4 ஆகிவிடும். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும். அவரோ அவருக்கு முன்னால் நின்றவரைப் பார்த்து ஏற்றியிருப்பார். யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் உண்மை.

ஒரு மினி வேனில் தக்காளி. முந்தின நாள் கிலோ 20. அன்றைக்கு 60. "பெட்டியோட எடுத்தா 500, பன்னெண்டு கிலோ இருக்கு" என்றார் வேன்காரர். என் மூளைக்குள் கணக்கு வாத்தியார் எழுந்து நின்றார். 12-ஐ 60-ஆல் பெருக்கினால் 720. 500-க்குக் கிடைக்கிறது. 220 ரூபாய் லாபம்! பெட்டியைத் தூக்கி கேரியரில் கட்டினேன். 2 கிலோவாக வாங்கியிருந்தால் 120-தான் ஆகியிருக்கும், 380 மிச்சம் என்ற கணக்கை அந்த வாத்தியார் கடைசி வரை சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் கை நிற்கவில்லை. சீனி அவரை 3 கிலோ. பச்சை மிளகாய் 1 கிலோ. மல்லி 6 கட்டு. தேங்காய் 6. உருளை, வெங்காயம் 2 கிலோ வீதம்.

அப்புறம் ரவை. இதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மளிகைக் கடையில் ஒரு கிலோ பாக்கெட் நாலுதான் மிச்சம் இருந்தது. நாலையும் எடுத்தேன். எனக்குப் பின்னால் ஒரு வயசான அம்மா, முகத்தில் மாஸ்க்குக்குப் பதில் சேலை முந்தானை. "தம்பி, அதுல ஒண்ணு மட்டும் குடுய்யா" என்றார். கேட்காத மாதிரி பில் போடும் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா ஒரு கிலோதான் எழுதியிருந்தாள் என்பதும் சட்டைப்பையில் இருந்த சீட்டில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன். கையில் மிச்சம் 30 ரூபாய். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. பெட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி பெட்டியைப் பார்த்தது.

"ஏப்பா, யாரு வீட்டுக் கல்யாணம்?"

"நாலு நாளைக்குக் கடை இல்ல அப்பத்தா."

"நாலு நாளைக்கா? நாப்பது நாளைக்கு ஆகும்டா இது."

அப்பத்தா பள்ளிக்கூடமே போனதில்லை. ஆனால் கணக்கு சரி. எங்கள் வீட்டில் அஞ்சு பேர். ஒரு நாளைக்குத் தக்காளி 300 கிராம். நாலு நாளைக்கு 1 கிலோ 200 கிராம். 12 கிலோ என்றால் சரியாக 40 நாள். அதுவும் மதுரை சித்திரை வெயிலில், பெட்டியில் அடியில் இருப்பது மேலே இருப்பதன் கனத்தில் நசுங்கி ஒழுக ஆரம்பித்திருந்தது.

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "புளி எங்கடா? உப்பு?"

வாங்கவில்லை. எதெல்லாம் கெடுமோ அதையெல்லாம் பத்து மடங்கு வாங்கிவிட்டு, எது வருஷக்கணக்கில் கெடாதோ அதை மறந்துவிட்டு வந்திருக்கிறேன். புளிக்கும் உப்புக்கும் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. அதனால் என் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் அப்பா திட்டியிருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த 30 ரூபாயை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். திட்டியிருந்தாலே தேவலை.

அப்பத்தா எழுந்து சேலையைச் சொருகிக்கொண்டது. பழைய சாக்கு ஒன்றைக் கூடத்தில் விரித்து, தக்காளியை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னது. நசுங்கினதும் கன்னிப்போனதும் இன்றைக்கே அடுப்புக்கு. நன்றாகப் பழுத்தது இரண்டு நாளுக்குள். கெட்டியான செங்காய் ஒரு வாரத்துக்கு. செங்காயை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், காம்பு இருந்த பக்கம் தரையைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்து வைக்கச் சொன்னது. காம்புக் குழி வழியாகத்தான் ஈரம் வெளியே போகும், பூஞ்சையும் உள்ளே வரும். கவிழ்த்தால் அந்த வாசல் அடைபடும். இதை நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அப்பத்தா சொன்ன காரணம், "மூக்கைப் பொத்துனா அழுகாது" என்பதுதான்.

முதல் குவியல் 5 கிலோ தேறியது. தொக்கு. இதில் ஒரு ரகசியமும் இல்லை, பொறுமைதான் வேண்டும். தக்காளியைக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றிய சட்டியில் போட்டு, உப்பு, மிளகாய்ப்பொடி, வறுத்த வெந்தயப்பொடி சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்கும் வரை கிண்டவேண்டும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை விரட்டுவதுதான் தொக்கு. இரண்டு மணி நேரம் கிண்டியதில் 5 கிலோ ஒரு கிலோ சொச்சமாக வற்றியது. தண்ணீர் இல்லை, புளிப்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது, மேலே எண்ணெய் மூடியிருக்கிறது. கிருமி உள்ளே வந்தால் குடியிருக்க வசதியே கிடையாது. ஈரக் கரண்டி போட்டால் மட்டும் வாடகை இல்லாமல் வந்துவிடும். மேலே பூஞ்சை தெரிந்தால் வழித்துவிட்டுச் சாப்பிடுவேன் என்று சொல்லாதீர்கள். அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போயிருக்கும். மொத்தமாகக் கொட்டிவிடுவதுதான் நல்லது.

கிண்டியவன் நான். தொக்கு தெறித்துக் கையில் பட்ட தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது. பத்தாவது பரீட்சையில்தான் எல்லோரும் பாஸ், அப்பத்தா பரீட்சையில் அப்படி இல்லை :-)

தொக்குக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? வீட்டில் இருந்தது கைப்பிடிதான். அங்கேதான் பின் வீட்டு அக்கா வருகிறார்.

எங்கள் வளவில் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருந்தார் அந்த அக்கா. ஒரு ஓட்டலில் மாவு ஆட்டும், இட்லி ஊற்றும் வேலை. ஓட்டல் மூடிய பிறகு வேலையில்லை. இரண்டு பிள்ளைகள். அன்றைக்குக் காலையில் பாக்கிச் சம்பளத்தில் 300 ரூபாய் தருகிறேன் என்று சொன்ன முதலாளிக்காக 12 மணி வரை காத்திருந்து, வாங்கிக்கொண்டு மார்க்கெட் போயிருக்கிறார். தக்காளி இல்லை. வெங்காயம் இருந்தது, விலை கேட்டதும் திரும்பிவிட்டார். ஒரு கட்டு தண்டுக்கீரையோடு வந்தவர், எங்கள் கூடத்தில் விரித்திருந்த தக்காளியைப் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு பழம் இருக்குமா, காசு தந்துர்றேன்" என்றார்.

12 கிலோவுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் இரண்டு தக்காளி கேட்கிறார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்கு பார்ப்போம், ரொம்ப எளிதானதுதான். ஒரு தெருவில் 100 வீடு. வீட்டுக்கு ஒரு கிலோ போதும். கடையில் 120 கிலோ இருக்கிறது. எல்லோருக்கும் கொடுத்து 20 கிலோ மிஞ்சும். ஆனால் பயத்தில் வீட்டுக்கு 3 கிலோ எடுத்தால் 40 வீட்டோடு தீர்ந்துபோகும். 60 வீட்டுக்குக் கிடையாது. பொருள் குறையவே இல்லை, ஆனால் பஞ்சம் வந்துவிட்டது. அந்த 60 வீடு எது என்று பார்த்தால், காலையில் கையில் காசு இல்லாததால் மதியம் வந்தவர்களின் வீடாகத்தான் இருக்கும். அந்த ஏப்ரலில் மத்திய அரசின் கிடங்குகளில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. கையிருப்பு விதிப்படி அந்த மாதம் இருக்கவேண்டியது 2 கோடி டன் சொச்சம்தான். நாட்டில் சோற்றுக்குத் தட்டுப்பாடு இல்லை. செல்லூரில் மட்டும் சனிக்கிழமை மதியம் தக்காளிக்குத் தட்டுப்பாடு. அதைச் செய்தது நானும் என்னைப் போன்றவர்களும்.

அப்பத்தா ஒரு முறம் நிறையப் பழமாகப் பொறுக்கி, 2 கிலோ ரவையையும் மேலே வைத்து அக்காவிடம் நீட்டியது. "காசெல்லாம் வேண்டாம். கொஞ்சம் உப்பும் புளியும் குடு. இந்தப் பெரிய மனுசன் அதை வாங்காம வந்துருக்கான்."

அக்கா சிரித்துக்கொண்டே போய் ஒரு மண்பானையைத் தூக்கி வந்தார். பானை நிறையப் புளி! கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, இடையிடையே கல் உப்பு தூவி அமுக்கியது. மாசி, பங்குனியில் புளி சீசன். விலை குறைவாக இருக்கும்போது வருஷத்துக்கும் வாங்கிவிடுவாராம். பக்கத்திலேயே அரை மூட்டை கல் உப்பு. அரிசி ரேஷன், அதில் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்திருந்தார், வண்டு வராமல் இருக்க. காய்கறி மட்டும் அன்றன்றைக்கு, கால் கிலோ, அரைக் கிலோ.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றாடங்காய்ச்சி என்று நாம் சொல்கிற அந்த வீட்டில்தான் சேமிப்பு சரியாக இருந்தது. கெடாததை மலிவாக இருக்கும்போது சேர்த்து வைக்கவேண்டும். கெடுவதை வேண்டும்போது வாங்கவேண்டும். அவ்வளவுதான் மொத்த சூத்திரமும். நான் அதைத் தலைகீழாகச் செய்திருந்தேன். பயம் எப்போதும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதைத்தான் வாங்கச் சொல்கிறது போல.

அடுத்ததாக அக்கா கேட்டார்: "நாலு நாளுக்குத்தானே, மாவு ஆட்டியாச்சா?" அம்மா இல்லை என்றாள். "ஒரு தடவ ஆட்டுனாப் போதுமே" என்று அவரே கிரைண்டரில் உட்கார்ந்துவிட்டார். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஊறப்போடும்போதே ஒரு ஸ்பூன் வெந்தயம். ஓட்டல் கை என்றால் ஓட்டல் கைதான்; உளுந்து மாவு பஞ்சு மாதிரி பொங்கி வந்தது. மதுரை ஏப்ரலில் எட்டு மணி நேரமெல்லாம் தேவையில்லை, ஆறு மணி நேரத்திலேயே புளித்து பாத்திரத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் பாதிப் பாத்திரம்தான் நிரப்பவேண்டும்.

அதற்கப்புறம் ஊரடங்கு அட்டவணை இப்படிப் போனது. ஞாயிறு இட்லி. திங்கள் தோசை. செவ்வாய் மாவு கொஞ்சம் புளிப்பேற, வெங்காயம், தக்காளி தூவி ஊத்தப்பம். புதன் நன்றாகவே புளித்துவிட்டது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பல் தாளித்துக் கொட்டி குழிப்பணியாரம். அரசாங்கம் நாலு நாள் என்று சொன்னது மாவின் ஆயுளைப் பார்த்துத்தானோ என்று அப்பாவே கேட்டார். அந்த மாதத்தில் அப்பா அடித்த முதல் ஜோக் அது. மாவு புளிப்பது கெடுவது அல்ல, அடுத்த பலகாரத்துக்குத் தயாராவது என்று அன்றைக்குப் புரிந்தது. நிறம் மாறினாலோ, மேலே பூஞ்சை படர்ந்தாலோதான் கெட்டது.

மற்ற சாமான்களுக்கும் ஆளுக்கொரு வைத்தியம். சீனி அவரையை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு போட்டு மொட்டைமாடியில் துணி விரித்துக் காயவைத்தோம். மூணு நாள் வெயிலில் மூன்று கிலோவும் ஒரு டப்பாவுக்குள் வத்தலாக அடங்கியது. பச்சை மிளகாயைக் கீறி உப்பு போட்ட மோரில் ஊறவைத்து, பகலில் காயவைத்து, ராத்திரி திரும்பவும் அதே மோரில் போட்டு, மோர் தீரும் வரை இப்படியே செய்தால் மோர் மிளகாய். கிள்ளிய காம்புகளையும் விடவில்லை. உறை மோர் இல்லாத ஒரு ராத்திரி, வெதுவெதுப்பான பாலில் நாலைந்து காம்பைப் போட்டு மூடிவைத்தார் அக்கா. காலையில் தளதளவென்று தயிர் மாதிரி இருந்தது. அது உறைக்கு, அதை வைத்து உறை ஊற்றிய அடுத்த தயிர்தான் சாப்பாட்டுக்கு. தயிரை உண்டாக்குகிற அதே வகைக் கிருமி காம்பிலும் இருப்பதுதான் விஷயம்.

தேங்காயைக் குடுமி பிய்க்காமல், குடுமி மேலே பார்க்க நிறுத்தி வைத்தோம். உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் அரைத்துவிடவேண்டும், அதுதான் சீக்கிரம் கெடும். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் இருக்கக்கூடாது. தனித்தனியாக இருந்தால் இரண்டும் நாள்பட இருக்கும். உருளையில் பச்சையாக நிறம் ஏறினால் அது வேண்டாம், விஷத்தன்மை உண்டு. மீதி ரவையை வாசம் வரும் வரை வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் அடைத்தாள் அம்மா. சூட்டில் வண்டு முட்டை செத்துவிடும்.

திங்கள்கிழமை காலை ஒரு சத்தம். "தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா..." அனுமதிச் சீட்டு ஒட்டிய காய்கறி வண்டி எங்கள் தெருவுக்கே வந்து நின்றது. தக்காளி கிலோ 25. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். தங்கச்சி மட்டும் வேண்டுமென்றே வாசலுக்குப் போய், "அண்ணே, பெட்டியோட எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வந்தது. இன்றைக்கு வரைக்கும் வீட்டில் எனக்குப் பெயர் 'பெட்டி'தான்.

இது செல்லூர் வியாதி மட்டுமில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் டாய்லெட் பேப்பருக்கு அடித்துக்கொண்டார்கள். அதில் பெரும்பகுதி அந்த நாட்டிலேயே தயாராவது, கப்பலே வராவிட்டாலும் தீராது. 2023 ஜூலை 20-ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டதும் அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடைகளில் சோனா மசூரி மூட்டைக்கு வரிசை. ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று பலகை வைத்தார்கள். இதில் தமாஷ் என்னவென்றால் அந்தத் தடை புழுங்கல் அரிசிக்குக் கிடையாது. அதாவது இட்லிக்கு ஆபத்தே வரவில்லை. தடையும் 2024 செப்டம்பரில் போய்விட்டது. அந்த மூட்டைகளில் எத்தனை மூட்டையை வண்டு தின்றதோ!

பயப்படவே கூடாது என்று சொல்ல நான் யார்? நிஜமாகவே கஷ்டம் வரும். வீட்டில் நாலு நாளுக்குச் சாமான் இருப்பது நல்லதுதான். அது எவ்வளவு என்று தெரிந்துகொள்வதுதான் பயத்துக்கு மருந்து. வேளைக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி என்று வைத்தால் அஞ்சு பேருக்கு, இரண்டு வேளை, நாலு நாளுக்கு 5 கிலோ. பருப்பு முக்கால் கிலோ, ஒரு கிலோ. தக்காளி ஒன்றேகால் கிலோ. புளி, உப்பு, மிளகாய், எண்ணெய் எப்போதும் இருக்கவேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எவ்வளவு கொஞ்சம் போதும் என்று நமக்கே வெட்கமாக இருக்கும். எழுதியதை மார்க்கெட்டிலும் எடுத்துப் பார்க்கவேண்டும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறந்துவிடக் கூடாது. அனுபவம் பேசுகிறது.

ஹாஸ்டல் கதையை முடிக்கவேண்டுமே. 17-ஆம் தேதி வெயில் அடித்ததும் ரூம்மேட்டின் 9 பாக்கெட் பிரெட்டையும் நான் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டை வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்தோம். மிச்சத்தை மெஸ் அண்ணன் கையில் காலில் விழுந்து பெரிய சட்டியில் பிரெட் உப்புமாவாக்கினோம்: கடுகு, உளுந்து, வெங்காயம், பச்சை மிளகாய், நாலு தக்காளி வதக்கி, பிய்த்த பிரெட்டைப் போட்டு, கைத்தண்ணீர் தெளித்துப் புரட்டியது. ஒரு மாடி முழுக்கச் சாப்பிட்டது. "நீ எங்கடா இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்றான் ரூம்மேட். ஆல் பாஸ் போட்ட வருஷத்தில் என்றேன்.

அக்காவுக்குக் கொடுத்தது சரி. அந்தக் கணக்கு உப்பும் புளியுமாக அன்றைக்கே நேர் ஆகிவிட்டது. அந்த ஓட்டலும் பிற்பாடு திறந்து, அவர் வேலைக்குப் போய்விட்டார். ஆனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு "அதுல ஒண்ணு மட்டும் குடுய்யா" என்று கேட்டவர் யார், எந்தத் தெரு, அன்றைக்கு அவர் வீட்டில் யாருக்காக அந்த ரவை என்று எனக்குத் தெரியாது. இப்போதும் கடையில் ஏதாவது ஒன்று கடைசியாக நாலு இருந்தால், ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

டிஸ்கி: அந்தத் தொக்கு ஆகஸ்ட் வரைக்கும் வந்தது. ஆகஸ்டுக்கு அப்புறம் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் தக்காளித் தொக்கு என்ற வார்த்தையையே உச்சரிக்கவில்லை.